டிஎம் நியூராலஜி போஸ்டிங்: இஇஜி, பேத்தாலஜி எல்லாம் மூன்றாம் வருடம் வரை காத்திருக்க வேண்டுமா?

மடிவாளா_ரெசிடென்ட்:
பெங்களூரில் டிஎம் நியூராலஜி (எம்டிக்குப் பிறகு படிக்கும் மூன்று வருட நரம்பியல் படிப்பு) முதல் வருடம் படிக்கிறேன். எங்கள் துறையில் முதல் இரண்டு வருடமும் வார்டு, ஓபிடி, கேஷுவாலிட்டியில் ஸ்ட்ரோக் கால் (பக்கவாத நோயாளி வந்தால் ஓடிப்போய்ப் பார்க்கும் டூட்டி), அவ்வளவுதான். இஇஜி (மூளையின் மின் அலைப் பதிவு), நரம்புக் கடத்தல் சோதனை, நியூரோரேடியாலஜி (மூளை, நரம்பு ஸ்கேன்), நியூரோபேத்தாலஜி (மூளை, நரம்புத் திசுப் பரிசோதனை) எல்லாவற்றையும் மூன்றாம் வருடத்தில் அடைத்து வைத்திருக்கிறார்கள். அந்த வருடம் தீசிஸ், பரீட்சை, வேலை தேடுவது என்று ஓடிவிடும். இப்போது அட்டவணையை மாற்றலாமா என்று பேச்சு வந்திருக்கிறது. முதல் வருடத்திலேயே ஆய்வக போஸ்டிங் (அங்கே போய்ச் சுழற்சியில் பயிற்சி எடுப்பது) வேண்டும் என்பது என் கட்சி.

காரணம் இதுதான். ராத்திரி நினைவில்லாமல் ஒருவரைக் கொண்டு வருகிறார்கள். சிடியில் ஒன்றும் இல்லை. சர்க்கரை, சோடியம் சரியாக இருக்கின்றன. கை கால் துளியும் அசையவில்லை. ஆனாலும் மூளைக்குள் வலிப்பு ஓடிக்கொண்டிருக்கலாம். இஇஜி பார்க்காமல் அதை உறுதிப்படுத்த முடியாது. மெஷின் இருக்கிறது, எடுக்கவும் ஆள் இருக்கிறார். அதைப் படிக்க வேண்டிய நேரத்தில் வார்டில் இருப்பதோ இஇஜி போஸ்டிங்கே போகாத முதல் வருட ரெசிடென்ட்.

ஜெயநகர்_நரம்பியல்:
இந்த மாற்றத்தை எதிர்க்கிறேன் தம்பி. மெஷின் வேண்டாம் என்று சொல்லவில்லை. வரிசை முக்கியம் என்கிறேன். கோளாறு மூளையிலா, தண்டுவடத்திலா, நரம்பிலா, தசையிலா என்று பேஷண்டின் கதையையும் ஹேமரையும் (தட்டிப் பார்க்கும் சுத்தியல்) வைத்துச் சொல்லத் தெரிந்த பிறகுதான் ரிப்போர்ட்டைத் தொட வேண்டும்.

நம் ஊர் உதாரணமே சொல்கிறேன். வெந்நீர் வலிப்பு. தலைக்குச் சூடாகத் தண்ணீர் ஊற்றும்போது வரும் வலிப்பு. தெற்கு கர்நாடகத்தில், மைசூர்ப் பக்கம், இது நிறைய. நிம்ஹான்ஸில் இதைப் பற்றிப் பல வருடம் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. சாதாரண நேரத்தில் இஇஜி எடுத்தால் பலருக்கு நார்மலாகவே இருக்கும். "குளிக்கும்போதா வந்தது?" என்று கேட்டால் தெரிந்துவிடும், கேட்காவிட்டால் தெரியாது. பலருக்குத் தண்ணீரின் சூட்டைக் குறைப்பதும், தலைக்குக் குளிக்கும் முன் ஒரு குளோபசாம் என்ற வலிப்பு மாத்திரையுமே போதும். கேட்கத் தெரியாதவர் தினசரி மருந்து எழுதி வருடக்கணக்கில் சாப்பிட வைப்பார்.

அப்புறம் கில்லன் பாரே, நரம்புகள் வேகமாகச் செயலிழக்கும் நோய். நேற்று நடந்து வந்தவர் இன்று ராத்திரி மூச்சுக்குத் திணறுவார். ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ணுகிறார், தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடிகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தவருக்குத்தான் அவரை எப்போது ஐசியுவுக்கு மாற்றுவது என்று தெரியும். இதை வார்டு ஒன்றுதான் கற்றுத் தரும்.

பத்து_இருபது:
நான் இஇஜி டெக்னாலஜிஸ்ட். சார் சொல்வதில் பாதி சரி. நார்மல் அலையை வலிப்பு என்று படித்து, தேவையில்லாத மருந்தோடு அலைகிற பேஷண்டுகளை நானும் பார்க்கிறேன். ஆனால் அப்படித் தப்பாகப் படிப்பது யார்? பெரும்பாலும் கடைசி வருடத்தில் அவசரமாக வந்து, லாக்புக்கில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனவர்கள்தான்.

பத்து-இருபது முறைப்படி தலையை அளந்து எலக்ட்ரோடு ஒட்டும்போது ரெசிடென்ட் பக்கத்தில் நிற்க வேண்டும். கண் சிமிட்டினால் எந்தச் சேனல் துள்ளுகிறது, பல்லைக் கடித்தால் என்ன வருகிறது, வேர்வையில் கோடு எப்படி மிதக்கிறது, இதயத் துடிப்பு எங்கே வந்து கலக்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். வார்டிலிருந்து ஒரு கேள்வியோடு வருகிறவர்கள் இதை வேகமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். முதல் வருடத்தில் அந்தக் கேள்வி இருக்கிறது. மூன்றாம் வருடத்தில் பரீட்சைக்கு எது வரும் என்ற ஒரே கேள்விதான்.

ஜெயநகர்_நரம்பியல்:
பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் ஆள் கணக்கு யார் போடுவது? பல துறைகளில் வருடத்துக்கு டிஎம் சீட் இரண்டோ நான்கோதான். ஒருவர் இஇஜிக்கும் ஒருவர் பேத்தாலஜிக்கும் போய்விட்டால் ஸ்ட்ரோக் கால் யார் எடுப்பது? ஸ்ட்ரோக்கில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் பொதுவான கெடு. 1995-ல் அது மூன்று மணி நேரமாக இருந்தது, 2008-க்குப் பிறகு நீண்டது. அத்திப்பள்ளியிலிருந்து சில்க் போர்டு தாண்டி வருவதற்குள்ளேயே அதில் ஒரு பங்கு போய்விடுகிறது. வாசலில் ஆள் இல்லை என்றால் மீதியும் போகும்.

மடிவாளா_ரெசிடென்ட்:
சார், அது ஆள் பற்றாக்குறை. அதை ரெசிடென்ட்டின் படிப்பை வைத்து ஈடுகட்டக் கூடாது. தொடர்ந்து 12 மணி நேரம், வாரம் 48 மணி நேரம் என்று ரெசிடென்ட் டூட்டிக்கு மத்திய அரசு வரம்பு சொன்னது 1992-ல். முதுநிலைப் படிப்புக்கான 2023 விதிகளும் நியாயமான வேலை நேரம், வார ஓய்வு என்கின்றன. எந்த வார்டில் அது நடக்கிறது? ஓட்டையை எங்களை வைத்து அடைத்துவிட்டு, "பயிற்சி" என்று பெயர் வைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அமெரிக்காவில் நியூராலஜி நான்கு வருடம். முதல் வருடம் பெரும்பாலும் பொது மருத்துவம். குழந்தைகள் நியூராலஜி மூன்று மாதம், சைக்கியாட்ரி ஒரு மாதம் கட்டாயம். நாம் எம்டி முடித்துவிட்டு வருகிறோம், பொது மருத்துவம் கையில் இருக்கிறது. அப்படியிருக்க முதல் வருடம் மறுபடியும் ஏன் அதே வேலை?

எம்டி_பீடியாட்ரிக்ஸ்:
"நாம்" என்று எல்லோரையும் சேர்த்துவிட்டீர்கள். டிஎம் நியூராலஜிக்குக் குழந்தை மருத்துவம் முடித்தவர்களும் வரலாம். நான் அப்படி வந்தவள். கைக்குழந்தைக்கு வரும் வலிப்பின் இஇஜி எனக்குப் பழக்கம். எழுபது வயதுக்காரருக்கு ஸ்ட்ரோக் என்றால், ரத்த அழுத்தம் எவ்வளவுக்கு மேல் போனால் ஊசி போடக் கூடாது, என்ன மருந்து சாப்பிடுகிறார் என்பதெல்லாம் எனக்கு இங்கே வந்துதான் பழகுகிறது. எனக்கு முதல் வருடம் வார்டும் கேஷுவாலிட்டியும் வேண்டும். ஜெயநகர் சார் பக்கம்தான் நான். இரண்டு பேருக்கும் ஒரே அட்டவணை போட்டால், அதை எப்படி மாற்றினாலும் ஒருவருக்கு நஷ்டம்.

தர்மபுரிக்காரன்:
நான் டாக்டர் இல்லை, இரண்டு வருடம் முன் ஸ்ட்ரோக் வந்த ஒரு அம்மாவின் பிள்ளை. இதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. அம்மாவை பெங்களூருக்குக் கொண்டு வந்தோம். ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். பார்த்த டாக்டர் கண்ணை மூடு, இரண்டு விரலைக் காட்டு என்று இந்தியில் கேட்டார், பிறகு கன்னடத்தில் கேட்டார். அம்மா அசையவில்லை. "சொன்னது புரியவில்லை" என்று ஃபைலில் எழுதினார்கள். என்னை வெளியே நிற்க வைத்திருந்தார்கள். மறுநாள் ஒரு தமிழ் நர்ஸ் கேட்டதும் அம்மா கண்ணை மூடினார், விரலைக் காட்டினார். பேச்சுதான் வரவில்லை, புரிதல் முழுக்க இருந்தது. கிருஷ்ணகிரி, சேலம், சித்தூர் என்று எங்கிருந்தெல்லாமோ இங்கே வருகிறார்கள். டாக்டர்களுக்கு எந்த போஸ்டிங்கில் இதைச் சொல்லித் தருகிறீர்கள்?

ஜெயநகர்_நரம்பியல்:
உங்கள் அம்மாவுக்கு நடந்தது நடந்திருக்கவே கூடாது ஐயா. பேச்சு மட்டும் போன அஃபேசியாவும் (மூளை பாதிப்பால் வரும் மொழிக் கோளாறு), புரிதலும் சேர்ந்து போன அஃபேசியாவும் வேறு வேறு. அடிபட்ட இடம் வேறு, வீட்டில் உங்களுக்குச் சொல்ல வேண்டியதும் வேறு. நோயாளியின் தாய்மொழியில் கேட்காமல் அந்தச் சோதனையை எழுதவே கூடாது. மொழி தெரியாவிட்டால் வீட்டுக்காரரை உள்ளே கூப்பிட வேண்டும். படுக்கைப் பக்கத்துப் பயிற்சி என்று நான் அடித்துச் சொல்வது இதைத்தான்.

பத்து_இருபது:
மன்னிக்கணும் சார், இதை வைத்து வார்டுக்கு இன்னும் மாதம் கேட்க முடியாது. அந்த டாக்டரும் வார்டில் நின்றுதானே கேட்டார்? பேச்சுப் பயிற்சியாளரோடு இரண்டு வாரம் உட்கார்ந்திருந்தால் இப்படிக் கேட்டிருக்க மாட்டார். அவர்கள் முதலில் கேட்பதே "வீட்டில் என்ன மொழி?" என்றுதான். தண்ணீர் கொடுக்கும் முன் விழுங்குகிறாரா என்று பார்ப்பதையும் அங்கே பழகலாம்.

மடிவாளா_ரெசிடென்ட்:
தர்மபுரி அண்ணா சொன்னது என் பட்டியலில் இல்லை. சேர்க்கிறேன். பேச்சுப் பயிற்சி, மறுவாழ்வுப் பிரிவு இரண்டும் முதல் வருடத்திலேயே வர வேண்டும். சார், முதல் ஆறு மாதம் வார்டு, கேஷுவாலிட்டி மட்டும், அதற்குப் பிறகு மாதம் ஒரு ஆய்வகம், ஸ்ட்ரோக் கால் மட்டும் எல்லோருக்கும் சுழற்சியில் என்று எழுதிக் கொடுத்தால் ஒத்துக்கொள்வீர்களா?

ஜெயநகர்_நரம்பியல்:
ஆறு மாதம் போதாது, ஒன்பது என்பேன். பீடியாட்ரிக்ஸிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வருடம். இஇஜி போஸ்டிங்கில் இருப்பவரும் வாரம் ஒரு நாள் ஓபிடி பார்க்க வேண்டும்.

எம்டி_பீடியாட்ரிக்ஸ்:
ஒரு வருடம் சரி சார். ஆனால் குழந்தைகள் நியூராலஜியில் எனக்குப் போட்டிருக்கும் மாதங்களை அதற்கு எடுத்துக்கொள்ளட்டும். மூன்று வருடத்துக்கு மேல் யாரும் தரப்போவதில்லை.

மடிவாளா_ரெசிடென்ட்:
ஒன்பதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். இரண்டு கணக்கையும் எழுதி மீட்டிங்கில் வைக்கிறேன். பத்து_இருபது மேடம், ராத்திரி இஇஜியை முதல் வருட ரெசிடென்ட் தனியாகப் பார்க்கும் முன் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று நீங்கள் ஒரு பக்கம் எழுதித் தர முடியுமா?