மழையும் காற்றும் வந்த நாட்கள்: மோட்டார்ஹோமில் போய் வரைபவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சாரல்

மோட்டார்ஹோமிலேயே தங்கி, போகிற இடத்தில் ஈசலை (படப்பலகையைத் தாங்கும் முக்காலி) போட்டு வரைபவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். வானிலை காலை வாரிய நாட்களைப் பற்றி எழுதுங்களேன். அன்று என்ன வரைந்தீர்கள், எப்படிச் சமாளித்தீர்கள், யாராவது வந்து பேசினார்களா, எல்லாமே சொல்லலாம்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். வண்டியை எப்படி நிறுத்துகிறோம் என்பதிலேயே பாதிப் படம் முடிவாகிவிடுகிறது. தங்குவதற்கு மட்டும் என்றால் தரை சமமாக இருக்கிறதா, சக்கரம் புதையாதா என்று பார்த்தால் போதும். வரைவதற்கு என்றால் காற்று எந்தப் பக்கம், கதவு எந்தப் பக்கம் திறக்கும், இரண்டு மணி நேரம் கழித்து வெயில் எங்கே விழும் என்பதும் சேர்ந்துகொள்ளும். சூரியன் வானத்தில் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. நிழலில் உட்கார்ந்து ஆரம்பித்தவர் பாதியிலேயே கூசும் வெள்ளைத் தாளோடு போராட வேண்டிவரும்.

வண்டியின் மூக்கைக் காற்று வரும் திசைக்கு நேராக நிறுத்துவது என் வழக்கம். பக்கவாட்டில் காற்றை வாங்கினால் வண்டி ஆடும், கதவைத் திறந்தால் கையைப் பிடுங்கும். மூக்கைக் கொடுத்துவிட்டால் பின்பக்கம் காற்றடிக்காத ஒரு இடம் கிடைக்கும். அங்கேதான் என் ஸ்டூல். சிக்கல் என்னவென்றால், வரையத் தோன்றும் காட்சி பெரும்பாலும் மேகம் ஏறிவரும் பக்கத்தில்தான் இருக்கும். அப்போது ஓட்டுநர் சீட்டிலேயே உட்கார்ந்து, ஸ்டீரிங் மேல் போர்டைச் சாய்த்து, முன்கண்ணாடி வழியாக வரைகிறேன்.

ஒரு ஏரிக்கரையில் அப்படி உட்கார்ந்திருந்தபோது நல்ல மழை. கண்ணாடியில் தண்ணீர் வழிய வழிய, எதிர்க்கரை மரங்களின் கிளை, இலை எல்லாம் மறைந்து இரண்டு மூன்று நிறத் திட்டுகள்தான் மிஞ்சின. கண்ணைச் சுருக்கிப் பார் என்று ஓவிய ஆசிரியர்கள் எதற்குச் சொல்கிறார்களோ, அதை மழையே செய்து கொடுத்தது. வைப்பரை ஒரே ஒரு முறை ஓடவிடுவேன். படகின் முனை எங்கே, கரைக்கோடு எங்கே முறிகிறது என்பதை மனத்தில் வாங்கிக்கொள்வேன். அப்புறம் மறுபடி கலங்கட்டும் என்று விட்டுவிடுவேன். பெரிய திட்டுகளைக் கலங்கலில் பார்த்துப் போட்டேன், விளிம்புகளை வைப்பர் ஓடிய நொடியில் பிடித்தேன். அந்தப் படத்தில் தேவையில்லாத ஒரு இலைகூட இல்லை.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். வண்டிக் கண்ணாடியில் பெரும்பாலும் லேசான பச்சை ஓடும். அதன் வழியாகப் பார்த்துக் கலக்கிய சாம்பல் நிறம், வெளியே கொண்டுவந்தால் பாசி படிந்த மாதிரி இருக்கும். வானத்தின் நிறத்தையாவது பக்கக் கண்ணாடியை இறக்கி நேராகப் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

நீலச்சாயம்

சாரல் அக்கா, வைப்பர் யோசனையை அடுத்த மழைக்கே செய்து பார்க்கப் போகிறேன்.

நான் வாட்டர் கலர் ஆள். மழையை விட எனக்குப் பெரிய சோதனை பனிமூட்டம். காற்று முழுக்க ஈரமாக இருந்தால் தாள் காயவே காயாது. முதல் வாஷ் (தண்ணீராகக் கரைத்த நிறப் பூச்சு) போட்டு அரை மணி ஆகியும் பளபளவென்று நிற்கும். ஹேர் டிரையர் போடலாம்தான், ஆனால் வண்டியின் பேட்டரியை அது குடித்துத் தீர்த்துவிடும். அதனால் அந்த மாதிரி நாளுக்கு வேலையின் வரிசையையே மாற்றிக்கொண்டேன். விளிம்பு தேவைப்படாத எல்லாவற்றையும், வானம், தூரத்து மலை, மூட்டம், ஈரத்தின் மேல் ஈரமாக ஒரே மூச்சில் போட்டுவிடுவேன். வேலிக்கம்பு, கல், பக்கத்து மரம் எல்லாம் கடைசியில், பிரஷ்ஷில் தண்ணீரே இல்லாத அளவுக்குக் கெட்டியான நிறத்தில். நடுவில் புறங்கையைத் தாளில் வைத்துப் பார்ப்பேன். பளபளப்புப் போயிருந்தாலும் தாள் சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, கை வைக்கக் கூடாது.

ஒரு மலைச்சரிவில் அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பும் கலந்து மேகம் போட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று தூறல். ஒரு துளி விழுந்ததும் அந்த இடத்தில் நிறம் விலகி வெளிறிப்போனது, பூ விரிகிற மாதிரி வட்டம் பெரிதானது, ஓரத்தில் கருத்த ஒரு வளையம் கட்டியது. அல்ட்ராமரீன் துகள்கள் தாளின் குழிகளில் தங்கக்கூடியவை. அதனால் அந்த வட்டத்துக்குள்ளும் நீலப் பொடி தூவியதுபோல் ஒரு சொரசொரப்பு. எந்த பிரஷ்ஷாலும் அதைச் செய்ய முடியாது. வானத்தில் விழுந்த துளிகளை அப்படியே விட்டேன். தரையிலும் பாறையிலும் விழுந்ததை மட்டும் டிஷ்யூவால் ஒற்றி எடுத்தேன். இன்றுவரை அதுதான் என் முறை.

உறைகுளிரில் வரைந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்: வாஷ் தாளிலேயே உறைந்து ஊசி ஊசியாகப் படிகம் கட்டும், பெரணி இலை மாதிரி கிளை விடும். அதைச் சூடான வண்டிக்குள் கொண்டுவந்தால் உருகி ஒன்றுமில்லாமல் கலைந்துவிடும். வெளியிலேயே விட்டுக் காயவைத்தால் அந்தத் தடம் தங்குகிறது. படிகமே வேண்டாம் என்பவர்கள் கழுவும் தண்ணீரில் கொஞ்சம் ஆல்கஹால் சேர்க்கிறார்கள், உறைவது தள்ளிப்போகும். அக்ரிலிக் ஆட்களுக்கு ஒரு சொல்: சுமார் 10 டிகிரிக்குக் கீழே அக்ரிலிக் ஒழுங்காகப் படலம் கட்டாது. காய்ந்த மாதிரி தெரியும், பிறகு வெடிக்கும். குளிரில் அதை வண்டிக்குள் வைத்து வரைவதே நல்லது.

மேற்குக்காற்று

நான் சொல்லப்போவது ஒரு மீனவப் பெரியவரைப் பற்றி.

கடற்கரைக் குன்றின் மேல் வண்டியை நிறுத்திவிட்டு ஈசலோடு கீழே இறங்கியிருந்தேன். கடல் அசையவே இல்லை, அடிவானம் வரைக்கும் ஒரே வெளிறிய பளபளப்பு. பக்கத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு தூரத்தில் கடல்மேல் கிடந்த ஒரு கருநீலப் பட்டையைக் காட்டி, “இதை விட்டுட்டீங்களே” என்றார்.

“மேகத்தோட நிழல்தானே, நகர்ந்துடும்னு விட்டேன்” என்றேன்.

“நிழல் இல்ல தம்பி, அது காத்து. இங்க வர்றதுக்குள்ள பலகையைக் கட்டிக்குங்க.”

வண்டிக்குத் திரும்பிய பிறகு யோசித்தபோது காரணம் புரிந்தது. அசையாத நீர் தூரத்தில் அடிவானத்தை ஒட்டிய வெளுத்த வானத்தைத்தான் பிரதிபலிக்கும். காற்று பட்டதும் சிற்றலைகளின் சரிவுகள் நம் பக்கம் சாய்ந்து, மேலே இருக்கும் அடர்ந்த வானத்தைக் காட்டும். அதனால்தான் காற்று விழுந்த இடம் கருப்பாகத் தெரிகிறது. பெரியவருக்கு இந்த விளக்கமெல்லாம் தேவையில்லை, அந்தக் கோட்டைப் பார்த்தே பிழைத்தவர். அவரே ஒரு கயிற்றுத் துண்டை எடுத்துவந்து, ஒரு கல்லைக் கட்டி ஈசலின் மூன்று காலுக்கும் நடுவில் தொங்கவிட்டார். கல் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கிற மாதிரி நீளத்தை வைத்தார். அப்படி வைத்தால்தான் எடை முழுக்கக் காலில் இறங்கும், கல்லும் ஊசலாடாது.

பட்டை நெருங்கி வருவதைப் பார்த்துக்கொண்டே அதை வரைந்தேன். காற்று வந்து சேர்ந்தபோது தொப்பி போனது, ஈசல் நின்றது.

கிளம்பும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். நான் வரைந்த படகு தண்ணீருக்கு மேலே உட்கார்ந்திருக்கிறதாம். வலையும் ஆளும் ஏறிய படகு இன்னும் அமிழ்ந்திருக்கும் என்று விரலால் கோடு காட்டினார். நீர்க்கோட்டை ஒரு விரல்கடை ஏற்றினேன், படகுக்கு எடை வந்துவிட்டது. எத்தனையோ பேர் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார்கள், இப்படி ஒரு திருத்தத்தை வேறு யாரும் சொல்லியிருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

அப்புறம் காற்றைப் பற்றி: குடையை ஈசலில் பொருத்தாதீர்கள், அது பாய்மரமாகிவிடும். தனிக் கம்பியில் மண்ணில் குத்தி வையுங்கள். நிறக்குடை வேண்டாம், தாள் முழுக்க அந்த நிறம் விழும். வண்டியின் பக்கப் பந்தலை மழைக்கு மட்டும் விரித்தால் ஒரு காலைத் தாழ்த்தி வையுங்கள், தண்ணீர் குளம் கட்டாமல் ஒரு பக்கமாக வடியும். காற்று எழுந்தால் யோசிக்காமல் சுருட்டிவிட வேண்டியதுதான்.

தகரடப்பா

எண்ணெய் வண்ணக்காரர்கள் யாரும் இன்னும் வரவில்லையா? சரி, நான் எழுதுகிறேன்.

மழை வந்தால் நமக்குத் தாள் நனையும் கவலை இல்லை. எண்ணெய்ப் படத்தின் மேல் விழுந்த தண்ணீர் முத்துமுத்தாக உருண்டு நிற்கும், மெதுவாகச் சாய்த்தால் ஓடிவிடும். சிக்கல் வண்டிக்குள் வந்த பிறகுதான். ஒரு தொடர்மழையில் கதவு, ஜன்னல் எல்லாம் மூடிவிட்டு வண்ணத்தைக் கரைக்கும் டர்பன்டைன் டப்பாவைத் திறந்தேன். கொஞ்ச நேரத்தில் எரிவாயுக் கசிவு அலாரம் அலறத் தொடங்கியது. சிலிண்டரில் கசிவு ஒன்றுமில்லை, டர்பன்டைன் ஆவிதான் காரணம். தூங்கும், சமைக்கும் அதே சின்ன இடத்தில் அந்த ஆவியைச் சுவாசிப்பது நல்லதே இல்லை, அடுப்பு எரியும் இடத்தில் ஆபத்தும்கூட. அன்றிலிருந்து பிரஷ்ஷைச் சாஃப்ளவர் எண்ணெயில் அலசித் துடைப்பதோடு சரி. தண்ணீரில் கரையும் எண்ணெய் வண்ணங்களும் கிடைக்கின்றன, வண்டிக்கு அவை மிகவும் பொருத்தம்.

இதைவிட முக்கியமானது துடைத்த துணி. நம் வண்ணத்தில் இருக்கும் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் காய்வது தண்ணீர் ஆவியாகிற மாதிரி இல்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து காய்கிறது, அப்போது வெப்பம் வரும். எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் ஏறி, தீப்பொறியே இல்லாமல் தானாகப் பற்றிக்கொள்ளும். மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீர் விட்டு அதில் முக்கி வையுங்கள். தயவுசெய்து இதை யாரும் தள்ளிப்போடாதீர்கள், நாம் தூங்குவது அந்த மூலைக்குப் பக்கத்தில்.

ஈரப் படங்களைக் கொண்டுபோக ஒரே அளவுள்ள இரண்டு பலகைகளை முகத்துக்கு முகம் வைத்து, நான்கு மூலையிலும் கார்க் துண்டு கொடுத்துக் கட்டிவிடுவேன். மேடு பள்ளத்தில் ஓட்டினாலும் ஒன்றையொன்று தொடாது.

பழையதூரிகை

தகரடப்பா சொன்ன துணி முக்கும் தகர டப்பாவைப் பற்றிப் படித்தபோது, இந்த வாழ்க்கைக்கே ஒரு தகரம்தான் வழிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஜான் ராண்ட் என்ற ஓவியர் 1841-இல் வண்ணத்தைப் பிதுக்கி எடுக்கும் தகரக் குழாய்க்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன் எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

நம் வண்டிக்கும் மூதாதை உண்டு. பிரெஞ்சு ஓவியர் டோபினி 1857-இல் ஒரு படகையே ஓவியக்கூடமாக்கி ஆற்றில் மிதந்தபடி வரைந்தார். அவரைத் தொடர்ந்து மோனேயும் செய்ன் ஆற்றங்கரை ஊரான அர்ஜான்தேயில் ஒரு படகு வைத்துக்கொண்டார். அந்தப் படகில் உட்கார்ந்து மோனே வரைவதை 1874-இல் மானே என்ற இன்னொரு ஓவியர் படமாக்கியிருக்கிறார். தண்ணீரை ஒட்டிய தாழ்ந்த பார்வை படகு இல்லாமல் மோனேவுக்குக் கிடைத்திருக்காது. சாரல் சொல்லும் ‘நிறுத்தும் இடம்’ என்பது அவர்களுக்கு நங்கூரம் போடும் இடம்.

வானிலை அவர்களையும் விடவில்லை. பிரான்சின் எட்ரெட்டா கடற்கரையில் 1885 நவம்பரில் அலை வற்றுகிறது என்று எண்ணி வரைந்துகொண்டிருந்த மோனேயை ஒரு பேரலை பாறையில் அடித்து இழுத்துப்போனது. உயிர் பிழைத்தார், ஈசலும் வண்ணங்களும் போயின. அவர் 1870-இல் த்ரூவில் கடற்கரையில் வரைந்த படத்தில் மணல் துகள்கள் இன்னும் ஒட்டியிருக்கின்றன. வான் கோ தென் பிரான்சின் ஆர்ல் நகரில் மிஸ்ட்ரல் என்னும் பலத்த காற்றுக்கு ஈசலின் காலோரம் இரும்பு முளை அடித்துக் கயிற்றால் கட்டி வேலை செய்தார். அவருடைய 1889 ஒலிவ மரங்கள் படம் ஒன்றில் வண்ணத்துக்குள் சிக்கிய வெட்டுக்கிளியின் உடல் 2017-இல் தெரியவந்தது.

நான் தினமும் பின்பற்றுவது ஆங்கில ஓவியர் கான்ஸ்டபிளை. 1821, 1822-ஆம் ஆண்டுகளில் லண்டனின் ஹாம்ப்ஸ்டெட்டில் மேகங்களை வரைந்தவர், பல படங்களின் பின்புறம் தேதி, நேரம், காற்றின் திசை எல்லாம் குறித்து வைத்தார். நானும் அப்படியே எழுதுகிறேன். ‘தென்மேற்குக் காற்று, பத்தரை மணி, மழைக்கு முன்’ என்று பின்னால் இருந்தால், படம் பாதியில் நின்றாலும் அதே காற்று அடிக்கிற இன்னொரு நாளில் தொடர முடிகிறது.

சாரல்

பழையதூரிகை ஐயா, குறிப்பு எழுதும் பழக்கத்தை இன்றே ஆரம்பிக்கிறேன். இடி மின்னலில் மாட்டியவர்கள் யாராவது? வண்டிக்குள் இருந்தால் போதுமா?

மேற்குக்காற்று

அது வண்டியைப் பொறுத்தது. உலோக உடல் என்றால் மின்சாரம் வெளிப்பக்கமாகவே தரைக்குப் போய்விடும். பல மோட்டார்ஹோம்களின் பின்பகுதி ஃபைபர் கிளாஸ், அதற்கு அந்தப் பாதுகாப்பு குறைவு. உலோகக் கூரையுள்ள ஓட்டுநர் அறை இருந்தால் அங்கே ஜன்னலை ஏற்றிவிட்டு, எந்த உலோகத்தையும் தொடாமல் உட்காருங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று நொடி என்றால் ஒரு கிலோமீட்டர். முப்பது நொடிக்குள் இடி கேட்டால் ஈசலை அப்படியே போட்டுவிட்டு உள்ளே வந்துவிடுவேன். கடைசி இடிக்கு அப்புறம் அரை மணி நேரம் வெளியே போவதில்லை. அந்த அரை மணியில், மின்னல் வெளிச்சத்தில் பார்த்த மேகத்தின் அடிப்பக்கத்தை ஞாபகத்திலிருந்து கருப்பு வெள்ளையில் சின்னதாக வரைந்துவைப்பேன்.

நீலச்சாயம்

தாள்களைப் பற்றி ஒன்று விட்டுப்போனது. மழைநாளில் நம் மூச்சுக்காற்று, சமையல் ஆவி, காயும் படங்கள் எல்லாம் சேர்ந்து விடிவதற்குள் வண்டிச் சுவரில் தண்ணீர் கோத்துவிடும். மெத்தைக்கு அடியில் வைத்த தாள்தான் முதலில் நெளியும், பிறகு பழுப்புப் புள்ளி விழும். கூரை ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்தே வையுங்கள், தாள்களை வெளிச்சுவரைத் தொடாத அலமாரியில், காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். அன்று வரைந்ததை அந்தப் பெட்டியில் போடாதீர்கள், நன்றாகக் காயும்வரை தனியாகவே இருக்கட்டும்.