மேடு ஏறுவது போன் ஆப்புக்குத் தெரியவில்லை, அம்மாவின் சர்க்கரைக்கு எதைப் பார்ப்பது?

கோத்தகிரி மகன்:
அம்மாவுக்கு ஹெச்பிஏ1சி (ரத்தச் சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை வைத்து இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் பரிசோதனை) 6.1. சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், நடையும் சாப்பாடும்தான் என்றார் டாக்டர். போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தேன். எங்கள் வீட்டிலிருந்து கடைக்குப் போக முழுக்க ஏற்றம், மூச்சு வாங்க ஏறி வந்தாலும் 10,000 ஸ்டெப் ஆகவில்லை என்று ராத்திரி வரை நச்சரிக்கிறது. சாப்பாட்டுப் பட்டியலில் சாமைச் சோறு இல்லை, டீயோடு சாப்பிடும் எங்கள் ஊர் வர்க்கியைத் தேடினால் ஏதோ பிஸ்கட்டைக் காட்டுகிறது. அம்மா சலித்துப்போய்விட்டார். ஆப்பை மாற்றவா?

குன்னூர் வாசி:
மாற்ற வேண்டாம், பார்க்கும் எண்ணை மாற்றுங்கள். 10,000 என்பது 1965இல் ஜப்பானில் விற்ற ஒரு நடைமானியின் பெயரிலிருந்து வந்தது, டாக்டர்கள் கணக்குப் போட்டுச் சொன்னதில்லை. உடம்பு ஆடுவதை வைத்துத்தான் போன் அடிகளை எண்ணுகிறது, காற்றழுத்தம் அளக்கும் சென்சார் இல்லாத போனுக்கு மேடும் ஒன்றுதான் சமதரையும் ஒன்றுதான். அதனால் நிமிடத்தைப் பாருங்கள், வாரத்துக்கு 150 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகம். இறக்கத்தையும் சும்மா நினைக்காதீர்கள்: ஆஸ்திரிய மலையில் செய்த ஆய்வில் ஏறியவர்களுக்கு டிரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு குறைந்தது, இறங்கியவர்களுக்கு உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் கூடியது. முட்டி வலி இருந்தால் மட்டும் இறக்கத்தில் நிதானம்.

ஊட்டி நர்ஸ்:
தம்பி, சாமைக்குக் கலோரி தேடி அம்மாவை வதைக்காதீர்கள். டீயை மட்டும் எழுதச் சொல்லுங்கள். இந்தக் குளிருக்கு நம் வீடுகளில் ஐந்து டீ சர்வ சாதாரணம், ஒன்றுக்கு இரண்டு ஸ்பூன் என்றால் சர்க்கரையே 40 கிராமைத் தாண்டும், உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. கூடவே வர்க்கி, அதாவது மைதாவும் கொழுப்பும். அப்புறம், விடிகாலை இருட்டில் நடக்க அனுப்பாதீர்கள், கோத்தகிரியில் கரடியும் காட்டெருமையும் உலாவும் நேரம் அது. மதியம் சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிடம் நடக்கட்டும், சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரைக்கு அதுதான் நேரடி மருந்து, ஆப்பில் அந்த நேரத்துக்கு ஒரு அலாரம் போதும். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள், ஆகவே மூன்று மாதம் கழித்து மறுபடி ஹெச்பிஏ1சி பாருங்கள். 6.5 தொட்டால் ஆப் என்ன சொன்னாலும் டாக்டரிடம் போய்விடுங்கள்.

கொடைக்கானல் அக்கா:
ஒன்று விட்டுப்போச்சு, இடுப்புச் சுற்றளவு. நம் ஊர்ப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல் போனால் கவனம் வேண்டும். டெய்லர் டேப்பால் மாதம் ஒருமுறை அளந்து ஆப்பில் போடுங்கள். சிக்னல் இல்லாத இடத்திலும் பதிகிற ஆப்பா, கான்டாக்ட் லிஸ்ட் கேட்கிறதா என்றும் பாருங்கள். கேட்டால் அனுமதி கொடுக்காதீர்கள்.

கோத்தகிரி மகன்:
ரொம்ப நன்றி. ஸ்டெப் நோட்டிபிகேஷனை அணைத்துவிட்டு மதியத்துக்கு அலாரம் வைத்துவிட்டேன். டீக்குச் சர்க்கரையை ஒரேயடியாக நிறுத்தணுமா நர்ஸ் அக்கா, படிப்படியாகவா?

ஊட்டி நர்ஸ்:
படிப்படியாக. இந்த வாரம் ஒன்றரை ஸ்பூன், நாக்கு பழகியதும் ஒன்று.