அரைச்சங்கிலியா, அரைப்பட்டையா, அரைக்காலா?

து. எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

இரண்டாம் உலகப்போரில் படைவீரர்களை ஏற்றிச்சென்ற ஹாஃப்-டிராக் வண்டிகளை அறிவீர்கள். முன்னால் சக்கரம், பின்னால் டாங்கிக்கு இருப்பதுபோல் சுற்றிவரும் பட்டை. அவற்றின் 1/35 அளவு பிளாஸ்டிக் மாதிரிகளைக் கட்டுபவர்களுக்கான திருத்தக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். பெட்டியில் வரும் உறுப்புகளில் எது பிழை, எதை அராவ வேண்டும், எதைப் புதிதாக வெட்டி ஒட்ட வேண்டும் என்பதுதான் நூல் முழுதும். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வண்டியின் பெயரே இன்னும் முடிவாகவில்லை.

இப்போதைக்கு 'அரைச்சங்கிலி வண்டி' என்று வைத்திருக்கிறேன். ஜெர்மானியர் 'ஹால்ப்கெட்டன்' வண்டி என்கிறார்கள். 'கெட்டெ' என்றால் சங்கிலி. நூலில் இப்படி வருகிறது:

"அரைச்சங்கிலி வண்டியின் சங்கிலி மேற்புறம் தொய்ந்து சக்கரங்களின் தலையில் படிந்திருக்கும். பெட்டியில் வரும் சங்கிலி விறைப்பாக நிற்பதால், அதைச் சக்கரங்களோடு பசையிட்டு அழுத்தவும்."

கருத்துச் சொல்லுங்கள். சுருக்கமாகச் சொன்னால் இரட்டிப்பு நன்றி.

செ. எழுதியது:

> அரைச்சங்கிலி வண்டி

தம்பி, அரை என்றால் இடை. அரைஞாண், அரைக்கச்சை எல்லாம் எங்கே கட்டுவது? 'அரைச்சங்கிலி' என்றதும் அது வெள்ளியா தங்கமா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. 'பாதிச்சங்கிலி' என்றால் இடுப்பு விலகும்; ஆனால் அறுந்துபோனதன் மிச்சம்போல் ஒலிக்கும்.

மா. எழுதியது:

இடுப்பு இருக்கட்டும் ஐயா, சங்கிலியே தவறு. இந்த மாதிரிகளைக் கட்டுகிறவள் என்பதால் சொல்கிறேன்.

ஜெர்மானிய ஹாஃப்-டிராக் வகையான எஸ்டிகேஎஃப்இசட் 251-க்குச் சங்கிலி பொருந்தும். இரும்புக் கண்ணிகள், ஊசித்தாங்கிகள் கொண்ட மூட்டுகள், கண்ணிதோறும் ஒரு ரப்பர் மெத்தை. சக்கரங்கள் ஒன்றோடொன்று ஊடாக நிற்கும். மேலே சங்கிலியைத் தூக்கிப்பிடிக்கும் தாங்குருளை கிடையாது. ஆகவே சங்கிலி சக்கரங்களின் மேலேயே கிடக்கும். து. எழுதிய திருத்தம் இந்த வண்டிக்குச் சரி.

அமெரிக்க எம்3-க்கு அப்படியன்று. அதில் கண்ணியே இல்லை. உள்ளே எஃகுக் கம்பிவடங்கள் வைத்து வார்த்த ஒரே ரப்பர் வளையம். மேலே ஒரு தாங்குருளை உண்டு. பட்டை இழுத்துக் கட்டியதுபோல் நிற்கும். உங்கள் வாசகத்தைப் படித்துவிட்டு ஒருவர் எம்3 மாதிரியின் பட்டையைப் பசையிட்டுத் தொய்யவைத்தால், சரியாக வந்த ஒன்றைத் 'திருத்தி'க் கெடுத்தவராவார். சொல் ஏமாற்றினால் கை ஏமாறும்.

பட்டை என்றால் இரண்டுக்கும் பொருந்தும். என் வாக்கு: அரைப்பட்டை வண்டி.

ப. எழுதியது:

அன்புடையீர்,

பட்டை என்பது மரத்தின் தோல். பட்டையாக அடிக்கப்பட்டதெல்லாம் பட்டை. இத்தனை பொருள் சுமக்கும் சொல்லின் தலையில் இன்னொன்றை ஏற்ற வேண்டுமா? நம்மிடம் 'தட' இருக்கிறது.

தொல்காப்பியர் உரியியலில் "தடவும் கயவும் நளியும் பெருமை" என்கிறார். பெரிய வண்டிக்கு இதுவே போதும். அடுத்த நூற்பாவைப் பாருங்கள்: "தடவென் கிளவி கோட்டமும் செய்யும்". கோட்டம் என்றால் வளைவு. நற்றிணையில் வரும் 'தடமருப்பு எருமை' வளைந்த கொம்புடைய எருமை. பற்களுடைய உருளியில் வளைந்து, கீழே நீண்டு, பின் உருளியில் மீண்டும் வளைந்து வருகிற ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான வேர் எது? போதாததற்கு, தடம் என்றால் வழி. தன் வழியைத் தானே விரித்துக்கொண்டு, தானே சுருட்டிக்கொண்டு போகும் பொறி அது. பெருமை, வளைவு, வழி மூன்றும் ஒரே அசையில். அரைத்தடவூர்தி என்க.

செ. எழுதியது:

> அரைத்தடவூர்தி என்க.

சொன்னேன், ஐயா. பக்கத்தில் இருந்தவர் எதை அரைத்து எங்கே தடவ வேண்டும் என்று கேட்டார்.

நூற்பாவில் குறை காணவில்லை. ஆனால் 'தட' பெருமை என்றால் 'அரைத்தட' பாதிப் பெருமை ஆகாதா?

க. எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். 'ஹாஃப்-டிராக்' என்றே எழுதினால் என்ன குடிமுழுகிவிடும்? மாதிரி கட்டுகிறவர்கள் அத்தனை பேரும் அப்படித்தான் சொல்கிறார்கள். பெட்டியின் மேலும் அதுதான் இருக்கிறது. கையேடு படிப்பவனுக்குப் பெட்டியும் புத்தகமும் ஒரே பொருளைச் சொல்கின்றன என்று தெரிய வேண்டாமா?

பிரெஞ்சிலும் ரஷ்ய மொழியிலும் இந்தப் பட்டைக்குக் கம்பளிப்பூச்சியின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள் என்பதையும் அறிவிப்பதில் மகிழ்ச்சி. தனித்தமிழ் வேண்டுவோர் 'அரைக் கம்பளிப்பூச்சி'யை எடுத்துக்கொள்ளலாம்.

ப. எழுதியது:

க. தம்பிக்கு: "குறியதன் முன்னர் ஆய்தப் புள்ளி உயிரொடு புணர்ந்த வல்லாறன் மிசைத்தே". ஆய்தத்துக்கு முன் குறில் வேண்டும், 'ஹா' நெடில். ஆய்தத்துக்குப் பின் உயிரேறிய வல்லினம் வேண்டும். 'ப்' வெறும் மெய். ஒரு சொல்லில் இரண்டு குற்றம், கிரந்த எழுத்தைக் கணக்கில் சேர்க்காமலே. டகரம் மொழிமுதல் ஆகாது என்பதைச் சொல்லவே வேண்டாம்.

க. எழுதியது:

'டாங்கி' எந்த எழுத்தில் தொடங்குகிறது ஐயா? நாளிதழில் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

வே. எழுதியது:

இழையை இப்போதுதான் பார்த்தேன். "கடலோடா கால்வல் நெடுந்தேர்" என்ற குறளில் கால் என்றால் சக்கரம். இந்த வண்டிக்குப் பாதிதான் சக்கரம். ஆகவே 'அரைக்கால் வண்டி'. அழகாக இல்லையா?

செ. எழுதியது:

அழகுதான். ஆனால் அரைக்கால் என்பது 1/8. அளவுமாதிரி கட்டுகிறவர்களின் கையேட்டில் 'அரைக்கால் வண்டி' என்று போட்டால், உண்மையில் எட்டில் ஒரு பங்கு வண்டி என்று ஒருவர் மேசையை ஒழித்துக்கொண்டு காத்திருப்பார்.

பேச்சு வந்ததால் கேட்கிறேன்: 1/16 அளவுக்கு நம்மிடம் மாகாணி இருக்கிறது. 1/35-க்கு என்ன? அரைமா 1/40. அதோடு முந்திரி, 1/320, சேர்த்தால் 9/320. கிட்டத்தட்ட 1/35.6. 'அரைமாவே முந்திரி அளவு மாதிரி' என்று அட்டையில் போடலாம்.

மா. எழுதியது:

போடக்கூடாது. 251-இன் நீளம் 5.8 மீட்டர். 1/35-இல் 165.7 மில்லிமீட்டர், உங்கள் அரைமாவே முந்திரியில் 163.1. இரண்டரை மில்லிமீட்டர் குறைகிறது. உண்மை வண்டியில் அது ஒன்பது சென்டிமீட்டர். அந்தப் பிழையைத் திருத்த இன்னொரு கையேடு எழுத வேண்டியிருக்கும்.

35 என்பதும் இலக்கணத்தில் பிறந்த எண் அன்று. 1960-களின் தொடக்கத்தில் டாமியா என்ற ஜப்பானிய மாதிரி நிறுவனம் தன் பாந்தர் டாங்கி மாதிரிக்குள் மோட்டாரும் மின்கலமும் அடங்கும்படி அளவெடுத்தது. அது 1/35 பக்கம் வந்து நின்றது. உலகமே அதைப் பிடித்துக்கொண்டது.

து., கையேட்டில் உண்மையில் இடறும் இடங்கள் வேறு. எம்3-இன் பக்கத் தகடு ஏறக்குறைய 6 மில்லிமீட்டர், மாதிரியில் 0.2-க்கும் குறைவு. பிளாஸ்டிக்கை அவ்வளவு மெல்லியதாக வார்ப்பது கடினம். ஒரு மில்லிமீட்டர் தகடு என்றால் 35 மில்லிமீட்டர் கவசம், டாங்கிக்கு உரிய தடிமன். எனவே வெளியே தெரியும் விளிம்பை மட்டும் உட்புறமிருந்து சரிவாகச் சீவுகிறோம். இதற்கு நீங்கள் 'மெலித்தல்' என்று எழுதியிருக்கிறீர்கள். முழுத் தகட்டையும் தேய்த்துவிடுவார்கள். 'விளிம்புச் சீவல்' என்று போடுங்கள்.

ப. ஐயாவுக்கு ஒன்று: 'அரை'யே முழு உண்மை அன்று. 251-இல் நீளத்தின் முக்கால் பங்கு அளவுக்குப் பட்டைதான் ஓடுகிறது. முன்சக்கரங்களுக்கு இயந்திர விசையும் போவதில்லை. எம்3-இல் முன்சக்கரங்களும் இழுக்கும். முக்காலும் அரையும் ஒரே பெயரில் இருக்கும்போது பெயரிடம் நேர்மையை எதிர்பார்ப்பது கொடுமை.

வே. எழுதியது:

> அரைக்கால் என்பது 1/8

ஒப்புக்கொள்ளவில்லை. இடம் நோக்கிப் பொருள் கொள்க. ஆனால் ரப்பர் பட்டை பற்றி மா. அம்மா சொன்னதற்கு ஒரு பின்குறிப்பு. கெக்ரெஸ் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் ரஷ்ய மன்னர் இரண்டாம் நிக்கோலஸின் கார்கள் பனியில் ஓடுவதற்காக வளையும் பட்டையை அமைத்தார். புரட்சிக்குப் பின் நாடு திரும்பிச் சித்ரோயன் கார் நிறுவனத்தில் சேர்ந்தார். 1922 டிசம்பரில் புறப்பட்ட அவர்களுடைய வண்டிகள் சகாராவைக் கடந்து அடுத்த மாதம் திம்புக்டு போய்ச் சேர்ந்தன. அமெரிக்கர்கள் அந்த வண்டியை வாங்கிப் பார்த்துத்தான் தங்களுடையதைத் தொடங்கினார்கள். ஆக, தொடக்கத்தில் இருந்தது பட்டை. சங்கிலி வேறு குடும்பம்.

என் அரைக்காலை வலியுறுத்தவில்லை. ஆனால் திரும்பப் பெறவும் இல்லை.

து. எழுதியது:

நண்பர்களே, அச்சகத்தார் இரண்டு முறை கேட்டுவிட்டார்கள்.

'அரைப்பட்டை வண்டி'க்கு மா., செ. (அரைமனதாக), வே.யின் பின்குறிப்பு. 'ஹாஃப்-டிராக்' க.வுக்கு மட்டும். அரைத்தடவூர்திக்குப் ப. ஐயா. எனவே உடலில் 'அரைப்பட்டை வண்டி', முதல் பக்கத்தில் ஒரே ஒருமுறை 'ஹாஃப்-டிராக்' என்ற ஒலிபெயர்ப்பு. 251 வரும் இடங்களில் மட்டும் பட்டைக்குச் 'சங்கிலிப்பட்டை', எம்3-க்கு 'ரப்பர் பட்டை'. தொய்வுத் திருத்தம் முதலதற்கே. 'அரை' எண்ணுப்பெயர் என்பதால் வலி மிகும். யாரும் ப்-ஐ எடுத்துவிட வேண்டாம்.

ப. எழுதியது:

சோர்வில் பிறந்த பெரும்பான்மையைப் பெரும்பான்மை என்று நான் எண்ணுவதில்லை. நூல் வரட்டும், என் படியில் நானே திருத்திக்கொள்கிறேன். 'தடவூர்தி'யை 'அரை' இல்லாமல் டாங்கிக்கேனும் பரிசீலியுங்கள். தனி இழை தொடங்குகிறேன்.

க. எழுதியது:

தொடங்காதீர்கள் ஐயா.

மா. எழுதியது:

து., அனுப்புவதற்கு முன் பன்னிரண்டாம் பக்கப் படத்தைப் பாருங்கள். கீழே எம்3 என்று இருக்கிறது. உடலின் பின்மூலைகள் வளைந்திருக்கின்றன, முன்சக்கர மூடி தட்டையாக இருக்கிறது. அது எம்5, இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் என்ற நிறுவனம் செய்தது. பக்கத்துப் பத்தியில் 'எம்3ஏ2' என்றும் வருகிறது. பெட்டியின் மேல் அப்படி அச்சிட்டிருந்தாலும் அந்த வகை உற்பத்திக்கே போகவில்லை. பட்டையோ தடமோ, இந்த இரண்டையும் மாற்றிவிட்டு அனுப்புங்கள்.