மறு: வொலிபோல் ‘கொன்ஃபெடரேஷன்’: ‘சம்மேளன ஒன்றியம்’ என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

தரம் 10 பிள்ளைகளுக்கான கரப்பந்தாட்ட (வொலிபோல்) வரலாற்றுக் குறிப்பு இந்தத் தவணைக்குள் அச்சுக்குப் போக வேண்டும். அதனால் ‘கொன்ஃபெடரேஷன்’ என்பதற்குத் தமிழில் எந்தச் சொல்லை வைப்பது என்ற இந்தப் பேச்சை இழுத்துக்கொண்டே போகாமல் ஒரு முடிவுக்கு வருவோம். ‘ஃபெடரேஷன்’ என்பதற்கு நம் நாட்டில் ‘சம்மேளனம்’ ஊன்றிவிட்டது. இலங்கை கரப்பந்தாட்ட சம்மேளனம் என்றுதான் பத்திரிகையும் வானொலியும் சொல்கின்றன. அதைத் தொட வேண்டாம். சிக்கல் ‘கொன்ஃபெடரேஷன்’ சொல்லில்தான்; அதாவது ஆசியா, ஐரோப்பா போன்ற ஒரு பகுதியின் நாட்டுச் சம்மேளனங்கள் சேர்ந்த அமைப்பு.

சென்னையிலிருந்து எழுதிய ஐயா ‘கூட்டமைப்பு’ போதும் என்கிறார். நல்ல சொல்தான். ஆனால் தமிழ்நாட்டில் உலக அமைப்பையும் கூட்டமைப்பு என்கிறார்கள், ஆசிய அமைப்பையும் கூட்டமைப்பு என்கிறார்கள். ‘சர்வதேசக் கூட்டமைப்பு ஆசியக் கூட்டமைப்பை அங்கீகரித்தது’ என்று எழுதினால் எது எதற்குள் அடங்குகிறது என்று பிள்ளை எப்படிப் பிரித்துக்கொள்ளும்? போதாததற்கு, இலங்கையில் அந்தச் சொல் அரசியல் கூட்டணியின் பெயரில் இருப்பதால், கேட்டதும் தேர்தல் மேடைதான் நினைவுக்கு வருகிறது.

பதுளைத் தங்கச்சி முன்வைத்த ‘கண்டச் சம்மேளனம்’ எனக்கும் முதலில் பிடித்திருந்தது. வரலாற்றோடு வைத்துப் பார்த்தால் நிற்கவில்லை. உலகில் இப்படி ஐந்து அமைப்புகள் உள்ளன. அதில் ஒன்று வட அமெரிக்கா, மத்திய அமெரிக்கா, கரீபியன் மூன்றையும் சேர்த்துப் பிடிக்கிறது. ஆசிய அமைப்பில் 65 உறுப்பு நாடுகள். அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் பசிபிக் தீவுகளும் அதற்குள்தான் வருகின்றன. ஓசியானியாவுக்குத் தனி அமைப்பு கிடையாது. 1975இல் ஆண்கள், பெண்கள் இரு பிரிவுக்கும் ஆசிய சாம்பியன்ஷிப் எங்கே நடந்தது தெரியுமா? மெல்பேர்னில். இரண்டையும் ஜப்பான் வென்றது. இதைப் போன வாரம் மைதானத்து ஓரத்தில் வாசித்துக் காட்டியபோது, தேயிலைக்குள் விழுந்த பந்தை எடுத்துக்கொண்டு ஏறி வந்த பையன், “அவுஸ்திரேலியா எப்ப சேர் ஆசியாவுக்கு வந்தது?” என்று கேட்டான். ‘கண்டம்’ என்று எழுதினால் இந்தக் கேள்வி ஒவ்வொரு வகுப்பிலும் வரும்.

‘பெருஞ்சம்மேளனம்’, ‘மாசம்மேளனம்’ இரண்டையும் நான் உறுதியாக மறுக்கிறேன். அவை நாட்டுச் சம்மேளனத்துக்கு மேலே இன்னொரு படி இருப்பதாக நினைக்க வைக்கின்றன. நடந்தது அப்படியில்லை. தென் அமெரிக்க அமைப்பு 1946இல் உருவானது. பாரிஸில் 14 நாடுகள் கூடி உலகச் சம்மேளனத்தை அமைத்தது அதற்கு அடுத்த ஆண்டு. ஐரோப்பிய அமைப்பு 1963இல்தான் புக்கரெஸ்டில் பிறந்தது. எல்லாமே மேலேயிருந்து கிளை பிரித்து வைத்தவை அல்ல. தென் அமெரிக்க நாடுகள் உலகச் சம்மேளனம் வருவதற்கு முன்பே சேர்ந்துவிட்டன. இன்றைக்கும் இலங்கைச் சம்மேளனம் உலகச் சம்மேளனத்தில் நேரடி உறுப்பினர்; ஆசிய அமைப்பு வழியாக அங்கே போகவில்லை.

ஆசியாவின் கதை இன்னும் சுவையானது. 1895இல் அமெரிக்காவில் தோன்றிய விளையாட்டை வை.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்து ஆட்கள் இந்தப் பக்கம் கொண்டு வந்தார்கள். 1913இல் மணிலாவில் நடந்த தூர கிழக்குப் போட்டிகளில் (கிழக்காசிய நாடுகளின் விளையாட்டு விழா) ஒரு பக்கத்துக்கு 16 பேர். அப்புறம் 12, 1927இல் 9. ஒன்பது பேர் ஆட்டத்தில் இடம் மாறிச் சுற்றுவது கிடையாது. வலையோரம் நிற்கிறவர் கடைசி வரை வலையோரம்தான். 1950களின் முதல் பாதியில் ஆசிய அமைப்பு உருவானபோது இந்த ஆட்டமும் உயிரோடு இருந்தது, உலகம் ஏற்ற ஆறு பேர் ஆட்டமும் இருந்தது. அதனால் 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் இரண்டுக்கும் தனித்தனியாகப் பதக்கம் கொடுத்தார்கள். 1964இல் அதே டோக்கியோவில் ஒலிம்பிக்குக்குள் நுழைந்தது ஆறு பேர் ஆட்டம். ஜப்பான் பெண்கள் தங்கம் வென்றார்கள். இப்படித் தங்கள் பழக்கத்தையும் விடாமல் சேர்ந்து நின்றவர்களின் அமைப்புக்கு, அந்தச் சேர்க்கையைக் காட்டுகிற பெயர்தான் பொருந்தும்.

ஆகவே ‘சம்மேளன ஒன்றியம்’ என்கிறேன். சம்மேளனங்கள் தனித்தனியாக இருந்துகொண்டே ஒன்றுசேர்ந்திருக்கின்றன என்பது பெயரிலேயே தெரிகிறது. பண்டாரவளை அண்ணன் சொன்ன ‘கூட்டுச் சம்மேளனம்’ இதற்கு மிக அருகில் வருகிறது. தோட்டத் தொழிலாளர் சம்பளத்துக்கான கூட்டு ஒப்பந்தத்தில் பல தொழிற்சங்கங்கள் சேர்ந்து கையெழுத்திட்டபோதும் ஒவ்வொன்றும் தனிச் சங்கமாகவே இருந்தது என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியும், அதனால் ‘கூட்டு’ புரியும் என்பது அவர் வாதம். நியாயமானது. ஆனாலும் ‘கூட்டுச் சம்மேளனம்’ என்னும்போது பல சேர்ந்து ஒரே சம்மேளனமாகிவிட்டது போலக் கேட்கிறது. ஒன்றியத்தில் அந்தக் குழப்பம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் பிரான்ஸ் பிரான்ஸாகவே இருக்கிறது.

உட்பிரிவுக்கு ‘வலயம்’ போதும். ஹட்டன் கல்வி வலயத்தில் படிக்கிற பிள்ளைக்கு அதை விளக்கவே வேண்டாம். ஆசிய ஒன்றியத்தில் ஐந்து வலயங்கள், இலங்கை மத்திய வலயத்தில். தமிழ்நாட்டு நண்பர்கள் ‘மண்டலம்’ என்று எழுதினால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

முழுப் பெயர் ‘ஆசியக் கரப்பந்தாட்டச் சம்மேளன ஒன்றியம்’ என்று வரும். நீளம்தான். முதல் இடத்தில் முழுதாக எழுதிவிட்டுப் பிறகு ‘ஆசிய ஒன்றியம்’ என்று சுருக்கலாம். இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால், அதை வைத்து ஒரு முழு வாக்கியமும் எழுதி வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள். சனிக்கிழமை பக்கங்களை அச்சகத்தில் கொடுக்க வேண்டும்.