பிரஷருக்கு மூச்சுப் பயிற்சி: எங்கெங்கே பிசகுது?

சோமனூர், முகாம் செவிலியர்:
"டெய்லி பிராணாயாமம் பண்றேனுங்க, பிரஷர் குறையக் காணோம்"னு தறிக்காரங்க சொல்லுவாங்க. செஞ்சு காட்டச் சொன்னா, தோளைத் தூக்கி இழுத்து இழுத்து விடுவாங்க. ரெண்டு நிமிஷத்துல தலை கிறுகிறுக்கும், விரல் நுனி மரத்துப்போகும். நல்ல சத்து ஏறுதுன்னு நினைச்சுக்கறாங்க. ரத்தத்துல கரியமில வாயு அளவுக்கு மீறிக் குறைஞ்சதோட அறிகுறிங்க அது.

நாற்காலியில முதுகு சாய்ஞ்சு உட்காரோணும். ஒரு கை வயித்து மேல. மூக்கால 4 எண்ணி இழுத்து, 6 எண்ணி விடோணும். அடக்க வேண்டாம். நிமிஷத்துக்கு 6 மூச்சு, நாளைக்கு 15 நிமிஷம். கிறுகிறுத்தா வேகத்தை மாத்தாம, இழுக்கிற காத்தைக் குறைச்சுக்குங்க. பட்டறைக்குள்ள மட்டும் பண்ணாதீங்க, தறிச் சத்தத்தோட எண்ணிக்கையும் ஓடிரும். பிரஷர் கட்டுப்படாதவங்களுக்கு வேகவேகமா மூச்சு விடற கபாலபாதி, பஸ்திரிகா, தலைகீழா நிக்கற சிரசாசனம் வேண்டவே வேண்டாம்.

பல்லடம், பிசியோ:
அக்கா சொன்னது சரி. ஆனா எல்லாத்தையும் ஒரே தட்டுல வைக்க முடியாதுங்க. 2013-ல அமெரிக்க இதய சங்கம் மருந்தில்லா முறைகளைத் தரம் பிரிச்சப்போ, நடை மாதிரி உடற்பயிற்சிக்குத்தான் முதலிடம். கருவி வச்சு மூச்சை நிதானப்படுத்தறது அடுத்த படி. யோகாவுக்கும், தசைத் தளர்வு மாதிரி முறைகளுக்கும் அன்னிக்குச் சான்று பத்தலைன்னுட்டாங்க. தசைத் தளர்வை நான் தூக்கத்துக்கும் கழுத்து இறுக்கத்துக்கும்தான் சொல்றது: தோளை 5 விநாடி முக்கால் பங்கு இறுக்கி, 20 விநாடி விட்டுரோணும். அப்புறம் தாடை, கை, கால். நைட் ஷிப்ட் முடிஞ்சு படுத்துட்டே பண்ணினா பாதியில குறட்டைதான்.

கைப்பிடிப் பயிற்சி, அதாவது பிடியைக் கையால இறுக்கி அப்படியே வச்சிருக்கறது, வேற. முழுப் பலத்துல 30 சதவீதம், 2 நிமிஷம் பிடிச்சு 1 நிமிஷம் ஓய்வு, நாலு தடவை, வாரம் 3 நாள், எட்டு வாரமாவது. கடையில விக்கிற ஸ்பிரிங் கிரிப்ல அந்த 30 சதவீதம் தெரியாது, அளவு காட்டற கருவி வேணும். பிடிக்கறப்போ மூச்சை அடக்கினா பிரஷர் விர்ருன்னு ஏறும். வாய்விட்டு எண்ணுங்க, அடக்க முடியாது.

பெருந்துறை, மருந்தாளுநர்:
பயிற்சி முடிச்ச கையோட பிரஷர் அளந்தா குறைவாத்தான் காட்டும். அதை நோட்டுல ஏத்தாதீங்க. டீ குடிச்சு அரை மணி நேரம் போகட்டும், ஒண்ணுக்குப் போயிட்டு வந்து 5 நிமிஷம் பேசாம உட்காருங்க. கால் மேல கால் வேண்டாம், பிரஷர் கருவியோட பட்டை வெறும் கையில, நெஞ்சு உயரத்துல. வெடியால மாத்திரைக்கு முன்னாடியும் பொழுதோட சாப்பாட்டுக்கு முன்னாடியும், ஒரு நிமிஷ இடைவெளியில ரெண்டு ரெண்டு தடவை, 7 நாள். முதல் நாளைத் தள்ளிட்டு மீதி 6 நாளுக்குச் சராசரி போடுங்க. 135/85க்கு மேலயே நின்னா பயிற்சி மட்டும் பத்தலைன்னு அர்த்தம். கீழ வந்தாலும் நீங்களா மாத்திரையை நிறுத்தாம, அந்த நோட்டை டாக்டர்கிட்டக் காட்டுங்க.