பெரிய வீட்டுப் பசங்க குரூப்: திவ்யாவுக்கு என்ன கேமரா?

கார்த்தி: திவ்யா இந்த குரூப்ல இல்லங்கற தைரியத்துல கேக்குறேன். அடுத்த மாசம் அவ பிறந்தநாளுக்கு ஒரு சின்ன கேமரா வாங்கணும். பட்ஜெட் 35 ஆயிரம், இழுத்துப் பிடிச்சா 38. ஃபோன் தவிர வேற எதுலயும் எடுத்துப் பழக்கமில்ல. ஹேண்ட்பேக்ல அடங்கணும்.

பெரியப்பா: ஃபோன்லயே நல்லாத்தானப்பா வருது?

செல்வி அக்கா: அதுக்கு முன்னாடி, என்ன எடுப்பான்னு சொல்லு.

கார்த்தி: முக்கால்வாசி கோயில் சிற்பம். தாராசுரம் போனா மண்டபத்த விட்டு வெளிய வரமாட்டா. மிச்சம் வீட்டு விசேஷம், பிள்ளைங்க.

செல்வி அக்கா: அப்ப இருட்டு மண்டபம், ஃபிளாஷ் போட முடியாத இடம். பெரியப்பா கேட்டது சரியான கேள்விதான். பகல்ல அகலமா எடுக்க ஃபோனே போதும், அதுக்கு கேமரா தேவையே இல்ல. தூணுக்கு மேல இருக்க விரல் நீள சிற்பத்த இருட்டுல ஜூம் பண்ணும்போதுதான் ஃபோன் திணறும். முகம் மெழுகு மாதிரி வழிஞ்சிடும்.

பாபு: அண்ணா இத பாருங்க. 4கே, 56 மெகாபிக்சல், 16 மடங்கு ஜூம், ஆறாயிரம்தான்! [படம்]

மணி மாமா: அதத் தொடாத. "டிஜிட்டல் ஜூம்"னு பொடி எழுத்துல போட்ருக்கான் பாரு. லென்ஸ் இருந்த இடத்த விட்டு அசையாது, எடுத்த படத்த வெட்டிப் பெருசாக்கும், அவ்ளோதான். 56 மெகாபிக்சலும் சாஃப்ட்வேர்ல ஊதுனது. உள்ள இருக்க சென்சார் (படம் பதியற சில்லு) உன் ஃபோன்ல இருக்கறதவிடச் சின்னது.

பாபு: சரி, பழைய சிசிடி டிஜிகேம் (அந்தக் காலத்து சின்ன டிஜிட்டல் கேமரா)? இப்ப அதான மாமா ட்ரெண்டு

செல்வி அக்கா: பார்ட்டில ஃபிளாஷ் அடிச்சு எடுக்க அழகா இருக்கும். மண்டபத்துக்கு ஆகாது. அதுல பலதுக்கு எக்ஸ்டி கார்டு, மெமரி ஸ்டிக்னு தேடி அலையணும். 2006க்கு முந்துன மாடல்னா எஸ்டி கார்டுலயும் 2 ஜிபிக்கு மேல பெரும்பாலும் எடுக்காது.

செல்வி அக்கா: தம்பி, பெட்டியில மெகாபிக்சல பாக்காத. ரெண்டே ரெண்டு எண்ணப் பாரு: சென்சார் அளவு, லென்ஸோட எஃப் எண் (சின்னதா இருந்தா வெளிச்சம் அதிகம் உள்ள வரும்). மலிவு காம்பாக்ட்ல 1/2.3 இன்ச் சென்சார், சுமார் 6.2 × 4.6 மிமீ. "1 இன்ச்"னு சொல்றது 13.2 × 8.8 மிமீ. பரப்புல நாலு மடங்கு. உன் பட்ஜெட்டுக்கு செகண்ட் ஹேண்ட் 1 இன்ச்தான் வழி.

கார்த்தி: மிரர்லெஸ்னு (லென்ஸ் கழட்டி மாத்துற கேமரா) ஒரு ஃப்ரெண்டு சொல்றான்க்கா. சோனி ஏ6000 பழசு கிடைக்குமாம். சென்சார் இன்னும் பெருசாமே?

செல்வி அக்கா: பெருசுதான், 1 இன்ச் மாதிரி மூணு மடங்கு. ஆனா கூட வர 16-50 கிட் லென்ஸ் எஃப் 3.5-5.6 (முதல் எண் அகலத்துல, ரெண்டாவது ஜூம் இழுத்தா). காம்பாக்ட்ல எஃப் 1.8-2.8 கிடைக்குது. எஃப் 3.5க்கும் 1.8க்கும் வெளிச்சத்துல கிட்டத்தட்ட நாலு மடங்கு வித்தியாசம். சென்சார்ல சம்பாதிச்சத லென்ஸ்ல தொலைச்சாச்சு. பின்னாடி எஃப் 1.8 ப்ரைம் (ஜூம் இல்லாத லென்ஸ்) வாங்குவீங்கன்னா கணக்கு மாறும். அப்ப 35ல நிக்காது, ஹேண்ட்பேக்லயும் நிக்காது.

மணி மாமா: செல்வி சொல்றது சரி. சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3 (2014), இல்லன்னா கேனன் ஜி7 எக்ஸ் மார்க் 2 (2016). ரெண்டும் 20 மெகாபிக்சல், எஃப் 1.8-2.8. கேனன் 24-100 எம்எம் (எண் பெருசானா ஜூம் அதிகம்), டச் ஸ்கிரீன் உண்டு. சோனி 24-70, டச் இல்ல, ஆனா மேல தூக்குற வியூஃபைண்டர் (கண்ணு வெச்சுப் பாக்குற சாளரம்) இருக்கு.

கார்த்தி: சிற்பத்துக்கு 100 எம்எம் நல்லதில்லையா மாமா?

மணி மாமா: நல்லதுதான். ஆனா ரீல்ஸ்ல அடிபட்டு அடிபட்டு ஜி7 எக்ஸ் விலை ஏறிக் கெடக்கு. சோனியில 70ல எடுத்து 100 அளவுக்கு வெட்டுனாலும் 10 மெகாபிக்சல் மிஞ்சும். ஏ4 பிரிண்டுக்கு தாராளம்.

செல்வி அக்கா: வெறும் ஆர்எக்ஸ்100னு (2012, முதல் மாடல்) மலிவா வந்தா மயங்காத. அதுவும் அகலத்துல எஃப் 1.8தான், ஆனா ஜூம் இழுத்தா 4.9க்குப் போயிடும். சிற்பத்துக்கு ஜூம்தான வேணும், அங்க போய் மார்க் 3ல வர வெளிச்சத்துல மூணுல ஒரு பங்குதான் வரும். ZV-1 வேண்டாம், அது வீடியோக்காரங்களுக்கு. வியூஃபைண்டரும் இல்ல, ஃபிளாஷும் இல்ல.

கார்த்தி: செகண்ட் ஹேண்ட்னா பயமா இருக்கு. கடையில என்ன பாக்கணும்?

மணி மாமா: சார்ஜ் போட்ட பேட்டரி, உன் கார்டு, ஒரு தினத்தாள் எடுத்துட்டுப் போ.

மணி மாமா: முதல்ல பத்து தடவ ஆன், ஆஃப் பண்ணு. லென்ஸ் வழுக்கிட்டு வரணும். கரகரன்னு சத்தம் வந்தாலோ பாதியில திக்குனாலோ மண்ணு போயிருக்கு, இல்ல கீழ விழுந்திருக்கு. வெச்சிட்டு வந்துடு. காம்பாக்ட்ல லென்ஸ் யூனிட் மாத்துற செலவுக்கு இன்னொரு பழைய கேமராவே வாங்கிடலாம்.

மணி மாமா: ரெண்டாவது தூசி. மோட் டயல 'ஏ'ல (எஃப் எண்ண நாமளே வைக்கிற மோட்) வை, எஃப் 11, ஜூம் முழுசா. வெள்ளைச் சுவர கிட்டப் போய் மங்கலா எடு. படத்த ஸ்கிரீன்ல பெருசாக்கி மூலை மூலையா நகத்து. மங்கலா கருப்புப் புள்ளி தெரிஞ்சா சென்சார் மேல தூசி. லென்ஸ் வெளிய வந்து உள்ள போறப்ப சைக்கிள் பம்ப் மாதிரி காத்த இழுக்கும், தூசியும் கூடவே போகும். பிரிச்சாத்தான் துடைக்க முடியும். எஃப் 1.8ல எடுத்துக் காட்டுனா இது தெரியாது, அதனால நீயே எடு.

மணி மாமா: மூணாவது, தினத்தாள சுவத்துல ஒட்டி நேரா நின்னு 24 எம்எம்ல எஃப் 2.8 வெச்சு எடு. நாலு மூலை எழுத்தையும் பாரு. நாலும் கொஞ்சம் மங்கல்னா பரவால்ல. ஒரு மூலை மட்டும் கலங்கியிருந்தா லென்ஸ் கோணிருக்கு.

செல்வி அக்கா: ஃபோன் டார்ச்ச லென்ஸுக்குள்ள சாய்ச்சு அடிச்சுப் பாரு. சிலந்தி வலை மாதிரி இழை தெரிஞ்சா ஃபங்கஸ். சென்னைக் காத்துல அது வளரத்தான் செய்யும்.

மணி மாமா: மார்க் 3 வியூஃபைண்டர் பக்கவாட்டு லீவர தட்டுனா மேல வரும், அப்புறம் கண்ணு வைக்கிற பாகத்த கையால பின்னுக்கு இழுக்கணும். மூடும்போது அத உள்ள தள்ளிட்டுத்தான் கீழ அமுக்கணும். அமுக்கி உடைச்ச பீஸ் நிறைய சுத்துது. திவ்யாகிட்டயும் முதல் நாளே சொல்லிடு.

செல்வி அக்கா: மெனுவுல லேங்குவேஜ் பாரு. ஜப்பான்ல விக்கிற சோனியில ஜப்பான் மொழி மட்டும்தான் இருக்கும், மாத்தவே முடியாது.

பெரியப்பா: பில்லு வாங்குப்பா. அடியில இருக்க சீரியல் நம்பர் பில்லுல இருக்கணும்.

செல்வி அக்கா: 👆 அதான்.

கார்த்தி: கூட என்னென்ன வாங்கணும்?

செல்வி அக்கா: கேமராவுக்கு 30ல நிறுத்து. மிச்சத்துல ஒரு எக்ஸ்ட்ரா என்பி-பிஎக்ஸ்1 பேட்டரி, முழு சார்ஜுக்கு 320 படம்னு கணக்கு சொல்றாங்க, பழைய பேட்டரில அவ்ளோ வராது. 64 ஜிபி கார்டு, கிளாஸ் 10. 32 போட்டா நல்ல தரத்துல வீடியோ (எக்ஸ்ஏவிசி எஸ்) ஓடாது, அதுக்கு எஸ்டிஎக்ஸ்சி (64 ஜிபியும் அதுக்கு மேலயும்) கார்டுதான் வேணும். கார்ட கேமராவுலயே ஃபார்மேட் பண்ணு. ஃபோனுக்கு மாத்த டைப் சி கார்டு ரீடர், வைஃபை ஆப்போட மல்லுக்கட்டாத. கை ஸ்ட்ராப் கட்டாயம்.

செல்வி அக்கா: அவகிட்ட குடுக்கறப்ப 'பி' மோட்ல (எஃப் எண்ணையும் ஷட்டர் வேகத்தையும் கேமராவே பாத்துக்கும்), ஆட்டோ ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) உச்சம் 3200ல வெச்சுக் குடு. பிள்ளைங்க ஓடுறப்ப மட்டும் 'எஸ்' மோட், ஷட்டர் வேகம் 1/250 நொடி. கேக் வெட்டும்போது ஃபிளாஷ விரலால மேல சாய்ச்சுப் பிடிச்சா வெள்ளைக் கூரையில பட்டு மெத்துன்னு விழும். முகத்துல எண்ணெய் வழியாது.

மணி மாமா: தோல் உறையில போட்டு பீரோவுக்குள்ள பூட்டி வைக்காதீங்க. தோல் ஈரத்த இழுத்து வெச்சுக்கும், ஃபங்கஸுக்கு அதான் சாப்பாடு. மூடி இறுக்கமான டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு வை.

கார்த்தி: மாமா, கடையில ரெண்டு மார்க் 3 இருக்கு. ஒன்னு 27, பளபளன்னு இருக்கு. இன்னொன்னு 30, மூலையில பெயின்ட் உதிர்ந்திருக்கு. 27ல எஃப் 11 சுவர் படம் இது [படம்] 30ல இது [படம்]

மணி மாமா: முதல் படத்துல வலது மேல மூணு புள்ளி. ரெண்டாவது சுத்தம். பெயின்ட் உதிர்ந்த மூலையால படத்துக்கு ஒன்னும் ஆகாது, ஆனா அடிபட்டதுக்கு அடையாளம். தினத்தாள் எடுத்தியா?

கார்த்தி: எடுத்தேன். நாலு மூலையும் ஒரே மாதிரி. மெனு இங்கிலீஷ். லென்ஸ் சத்தமில்ல.

மணி மாமா: அப்ப 30தான். பெயின்டக் காட்டி 28க்குக் கேளு.

கார்த்தி: 28,500 முடிச்சாச்சு. பில்லுல சீரியல் நம்பர் எழுதிட்டு இருக்காரு.

பாபு: அண்ணி என்கிட்ட "கார்த்தி ஏன் வீட்டு சுவத்துல பேப்பர் ஒட்டிப் பாத்துட்டு இருந்தாரு"ன்னு கேக்குறாங்க 😂 என்ன சொல்றது?