புதுப்பிப்பு: அப்பத்தாவின் மூச்சிரைப்பு, சோதனை முடிவு

காரைக்குடியில் இருக்கும் என் அப்பத்தாவுக்கு வந்திருப்பது கடும் ஆஸ்துமாவா, சி.ஓ.பி.டி. என்னும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயா என்று முன்பு கேட்டிருந்தேன். மூச்சை ஊதவைத்து அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையின் முடிவு வந்துவிட்டது.

மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை இழுத்த பிறகும், ஊதிய மொத்தக் காற்றில் முதல் நொடியில் வெளியேறிய பங்கு 0.70-க்குக் கீழேயே நின்றது, அதாவது அடைப்பு நீங்கவில்லை. அந்த முதல் நொடிக் காற்று 12 விழுக்காடும் 200 மில்லிலிட்டரும் கூடியிருந்தால் ஆஸ்துமாவின் பக்கம் சாய்ந்திருக்கும். ஆனால் நெடுநாள் கடும் ஆஸ்துமாவிலும் அடைப்பு நிலைத்துவிடக்கூடும் என்பதால், மருத்துவர் இதை மட்டும் வைத்து முடிவு சொல்லவில்லை. சிறு வயதில் இழுப்பு இருந்ததா, விடியற்காலையில் கூடுகிறதா என்று கேட்டார், இரண்டும் இல்லை. பீடி, சுருட்டு எதையும் தொடாதவர் என்று நாங்கள் வாதாடியபோது, எந்த அடுப்பில் சமைத்தீர்கள் என்று அப்பத்தாவிடமே திரும்பினார். கலியாண வீடுகளுக்கு மனகோலமும் அதிரசமும் சுட்டுக் கொடுத்தவர்; புகைபோக்கி இல்லாத சமையல்கட்டில், விறகடுப்பின் முன்னால்தான் பாதி ஆயுள் கழிந்தது.

சி.ஓ.பி.டி. என்பதே முடிவு. ரத்தத்தில் ஈசினோபில் என்னும் வெள்ளையணுக்கள் குறைவாக இருப்பதால் ஸ்டீராய்டு அதிகம் உதவாது என்று, அது சேராமல், நீண்ட நேரம் வேலை செய்யும் மூச்சுக்குழாய் விரிப்பான்கள் இரண்டு கலந்த இன்ஹேலரைத் தந்திருக்கிறார்கள். ஆஸ்துமா உள்ளவருக்கு ஸ்டீராய்டு இல்லாமல் இதைக் கொடுப்பது ஆபத்து என்பதால், மருந்தின் பெயரை இங்கே எழுதவில்லை.